காம்பு மட்டும் கிடைக்குமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் அடுக்குமாடி புளோக்கின் சமூகத் தோட்டத்தில் போன மாதம் மண்வெட்டிக் காம்பு முறிந்துவிட்டது. இரும்புத் தகட்டுக்கு ஒரு கீறல்கூட இல்லை. காம்பு மட்டும் கேட்டு மூன்று ஹார்டுவேர் கடைகள் ஏறி இறங்கினேன். மூன்றிலும் ஒரே பதில்: “புதுசே வாங்கிடுங்க அங்கிள்.”

என் அப்பா சிங்கப்பூரின் செம்பவாங் கடற்படைத் தளத்தில் தச்சு வேலை பார்த்தவர். அவருடைய சுத்தியலுக்கு நான் பார்க்கவே மூன்று முறை பிடி மாற்றினார், தலை அதேதான். புதுப்பிடியைக் கையில் எடுத்ததும் அடிமுனையைத் திருப்பிப் பார்ப்பார். அங்கே தெரியும் வரிகள் சுத்தியல் அடிக்கும் திசையிலேயே ஓட வேண்டும். குறுக்கே ஓடினால், ஓங்கி அடிக்கும்போது சிம்பு சிம்பாகப் பிளந்துவிடும். பிடியைத் தலையில் இறக்கியபின், முனையில் ரம்பத்தால் கீறிய பிளவில் ஆப்பு அடிப்பார். தலையின் துளை நடுவில் குறுகி மேலே அகன்றிருக்கும். ஆப்பு மரத்தை அங்கே விரித்துவிடுவதால் தலை லேசில் கழன்று வராது. அப்புறம் வார்னிஷைச் சுரண்டிவிட்டு ஆளிவிதை எண்ணெய் தேய்ப்பார். வார்னிஷ் பிடித்து வேலை செய்தால் கை கொப்பளித்துவிடும் என்பார். (எண்ணெய் தேய்த்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகத் தீப்பிடிக்கும். விரித்துக் காயவையுங்கள்.)

தலை ஆடினால் தண்ணீரில் ஊறப்போடும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அன்றைக்கு இறுகும், உண்மைதான். ஆனால் ஊறிப் பருத்த மரம் இரும்புக்குள் நசுங்கி, காய்ந்ததும் முன்னைவிட அதிகமாக ஆடும். பக்கத்தில் பிள்ளைகள் நிற்கிற இடத்தில் அப்படி ஒரு தலை கழன்று பறந்தால் என்ன ஆவது?

கண்ணாடியிழைப் பிடி மழைக்கும் கறையானுக்கும் தாங்கும், சரி. ஆனால் பெரும்பாலும் பசை போட்டு ஒட்டியிருப்பதால், உடைந்தால் வீட்டில் மாற்றுவது பெரும்பாடு.

நம் சிங்கப்பூரின் செமாக்காவ் குப்பை நிரப்புமிடம் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்கிறார்கள். இந்த நேரத்தில் ஒரு காம்புக்காக நல்ல இரும்பைத் தூக்கிப்போட எனக்கு மனசு வரவில்லை. கடைக்காரர்கள் நாலைந்து அளவுகளிலாவது காம்பும் ஆப்பும் தனியாக வைத்து விற்க வேண்டும். மின்விசிறியும் ரைஸ் குக்கரும் பழுதுபார்க்கக் கற்றுத்தரும் இடங்களில் பிடி மாற்றுவதையும் சேர்க்கலாம். கூப்பிட்டால் நானே வந்து சொல்லித்தருகிறேன்.

அந்தத் தகட்டைத் துடைத்து எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன். காம்பு விற்கும் கடை எங்கே இருக்கிறதென்று தெரிந்த வாசகர்கள் தயவுசெய்து இந்தப் பகுதிக்கு எழுதுங்கள்.

- ஈசூன் வாசகர்