ஜாக்கியை எடுப்பதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பஞ்சரான டயரை மாற்றுவது பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். வண்டியைத் தூக்குவதற்கு முன்பே நட்டுகளைத் தளர்த்திக்கொள்ள வேண்டும் என்பது வரை எல்லாம் சரி. ஆனால் அந்த இடத்தில் இறங்கி உட்காரலாமா என்ற கேள்வியே அதில் இல்லை.

நான் 30 ஆண்டுகள் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவன். சென்ற மார்கழியில் மருமகனின் காரில் திருச்சியிலிருந்து விழுப்புரம் திரும்பிக்கொண்டிருந்தோம். இரவு 11 மணி, நல்ல பனி. உளுந்தூர்ப்பேட்டை தாண்டியதும் வலது பின் டயரில் காற்று இறங்கிவிட்டது. மருமகன் ஓரங்கட்டிவிட்டு டிக்கியைத் திறக்கப் போனார். நான் விடவில்லை. இடது டயராக இருந்தால் வண்டியின் மறைவில் உட்காரலாம். வலது டயரென்றால் வருகிற லாரிகளுக்கு முதுகைக் காட்டித்தான் குந்த வேண்டும். நாங்கள் நின்றதோ வளைவு முடிகிற இடம். வெள்ளைக் கோட்டுக்கு வெளியே இரண்டு முழம்கூட இல்லை. ஒரு கரும்பு லாரி கடந்தபோது எங்கள் கார் குலுங்கி அடங்கியது.

நான்கு இண்டிகேட்டர்களையும் போட்டு, நடை வேகத்தில் உருட்டச் சொன்னேன். "டயர் வீணாகிவிடும் மாமா" என்றார். வீணாகத்தான் போயிற்று, ரிம்மிலும் ஒரு நசுங்கல். ஆனால் அரை கிலோமீட்டரில் பெட்ரோல் பங்க் இருந்தது. அங்கே விளக்கு வெளிச்சத்தில், கெட்டித் தரையில், இடது முன் சக்கரத்துக்குக் கல் அண்டைகொடுத்து, கால் மணி நேரத்தில் ஸ்டெப்னியை மாட்டினோம். டயர் விலையை அவர் இன்னும் சொல்லிக்காட்டுகிறார்.

எச்சரிக்கை முக்கோணம் வாங்கிய நாளிலிருந்து உறை பிரிக்காமலே கிடந்தது. அதைப் பம்பருக்கு நாலடி பின்னால் வைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். 80 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடிவிடும். நாலடி எந்த மூலைக்கு?

மீடியனை ஒட்டி நின்றுபோய் உருட்டவும் வழியில்லை என்றால் ஸ்டெப்னியைத் தொடவே கூடாது. வண்டிக்குள் உட்கார்ந்திருப்பதும் ஆபத்து. போக்குவரத்தைப் பார்த்து எல்லோரும் சாலையை விட்டு விலகி நின்று, தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033-ஐ அழைக்க வேண்டும். சுங்கச்சாவடியில் மறக்காமல் பணம் கட்டுகிறவர்களில் பலருக்கு இந்த எண் தெரியாது. அடுத்த முறை ஜாக்கி படத்துக்கு மேலே இதைப் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள்.

ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர்,
விழுப்புரம்.