அந்த இரண்டே முக்கால் நிமிடத்தை வெட்டாதீர்கள்

பழைய தமிழ்ப் படங்களை ஒளிபரப்பும் தொலைக்காட்சிகளின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களுக்கும், அந்தப் படங்களின் உரிமையைக் கையில் வைத்திருக்கும் பெரியவர்களுக்கும்,

வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் உங்களில் ஒருவர் ஒரு பழைய ராஜா ராணிப் படம் போட்டீர்கள். படத்தின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் எந்தச் சேனல் என்று தெரிந்துவிடும். எனக்கு வழக்காடும் வயதும் இல்லை, வசதியும் இல்லை. 'காணத் தவறாதீர்கள்' என்று ஒரு வாரமாக நீங்களே கூவி அழைத்த படம். நாங்கள் தவறவில்லை. நானும் 83 வயதான என் அம்மாவும் பத்து நிமிடம் முன்னதாகவே உட்கார்ந்துவிட்டோம். அம்மா மூக்குக் கண்ணாடியைப் புடவைத் தலைப்பால் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

அம்மா கதை பார்க்க உட்காரவில்லை. கதை அவருக்கு மனப்பாடம். டைட்டில் பார்க்க உட்கார்ந்தார். என் அப்பா கோடம்பாக்கத்தில் சினிமாவுக்குத் துணி தைத்தவர். காஜா எடுக்கும் பையனாகச் சேர்ந்து, மெஷினில் உட்கார்ந்து, கண் மங்கும்வரை தைத்தார். எத்தனையோ படங்களில் அவர் கைத்தையல் இருக்கிறது. ஆனால் பெயர் என்று வந்தது இந்த ஒரு படத்தில்தான். மற்றவற்றில் தலைமைத் தையற்காரரின் பெயரோடு நிறுத்திவிடுவார்கள். இதில் யார் புண்ணியத்திலோ உதவியாளர் நால்வரின் பெயரையும் போட்டார்கள். மேலிருந்து மூன்றாவது, அப்பா. இனிஷியலைத் தப்பாக எழுதியிருப்பார்கள். "எழுத்துத்தான் தப்பு, ஆள் நான்தான்" என்பார் அப்பா.

படம் எப்படித் தொடங்கியது என்பது உங்களுக்கே தெரியும். 'இந்நிகழ்ச்சியை உங்களுக்கு வழங்குபவர்கள்' என்று ஏழு பெயர்கள் வந்தன. ஒரு பெருங்காயம், ஒரு மூட்டுவலித் தைலம், செங்கல்பட்டுப் பக்கம் வீட்டு மனை, இப்படி. அவை முடிந்ததும் கதாநாயகன் குதிரையில் வந்துகொண்டிருந்தான். அம்மா என் பக்கம் திரும்பினார். "பெயர் போட்டாகிவிட்டதா? நான்தான் கண்ணை மூடிவிட்டேனோ?" என்றார். இல்லை அம்மா, அவர்கள் போடவே இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. உங்களைச் சந்தேகப்படத் தோன்றாமல் தன் கண்ணைச் சந்தேகப்பட்டார். பிறகு, "இப்போதெல்லாம் கடைசியில்தானே போடுகிறார்கள்" என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, இடையில் ஒரு வாய் காபிகூட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மூன்று மணி நேரம் அசையாமல் இருந்தார். 'வணக்கம்' என்று ஒரு அட்டை வந்தது. உடனே செய்தி.

ஆகவே என் வேண்டுகோள் ஒன்றுதான். படத்தை முழுதாகப் போடுங்கள். பெயர்களிலிருந்து தொடங்குங்கள்.

உங்கள் சிரமம் தெரியாமல் எழுதவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். படம் இரண்டே முக்கால் மணி நேரம். நீங்கள் ஒதுக்குவது மூன்று மணி நேரம். மணிக்கு 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது என்று கேபிள் டிவி விதி இருக்கிறது. நீங்கள் அதைத் துளியும் மீறுவதில்லை என்றே வைத்துக்கொள்வோம். விளம்பரத்துக்கு 36 நிமிடம் போனால் படத்துக்கு மிஞ்சுவது இரண்டு மணி 24 நிமிடம். எங்கேயாவது 21 நிமிடத்தை வெட்டியாக வேண்டும். கத்தரி முதலில் பாய்வது டைட்டிலின் மேல், பிறகு பாட்டின் மேல். 1954-இல் வந்த 'அந்த நாள்' படத்தில் ஒரு பாட்டும் கிடையாது. இயக்கிய எஸ். பாலசந்தர் உங்களை மனதில் வைத்துத்தான் எடுத்தாரோ என்று சில சமயம் தோன்றுகிறது.

மூன்றரை மணி நேரம் ஒதுக்கிப் பாருங்கள். விளம்பரத்துக்கு 42 நிமிடம் கிடைக்கும், இப்போதைவிட ஆறு நிமிடம் கூடுதல். படம் முழுதாகப் போனபின் மூன்று நிமிடம் மிச்சமும் இருக்கும். அந்த மூன்று நிமிடத்தில் உங்கள் சின்னத்தைச் சுழலவிட்டுக்கொள்ளுங்கள், நாங்கள் குறுக்கே நிற்கமாட்டோம். அப்பாவின் பெயர் வரும் டைட்டிலுக்கு இரண்டே முக்கால் நிமிடம். பழைய கேசட் ஒன்றிலிருந்து கடிகாரம் வைத்து எடுத்த கணக்கு இது. அந்தக் கேசட்டும் போன மழையில் பூஞ்சை பிடித்துப் போய்விட்டது. அந்த டைட்டில் படத்தின் நீளத்தில் அறுபதில் ஒரு பங்கு. அதைத்தான் உங்களால் தாங்க முடியவில்லை.

உங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். எடுத்த தம்பி மரியாதையாகவே பேசினார். "டைட்டிலை யார் சார் பார்க்கிறார்கள்?" என்று உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆவலோடு கேட்டார். அவருக்குச் சொல்லாமல் விட்ட பதிலை இங்கே எழுதுகிறேன்.

நான் எழுத்துக் கூட்டிப் படித்ததே டைட்டிலில்தான். டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து உட்கார்ந்துகொண்டு, எழுத்து மறைவதற்குள் படித்து முடிக்க வேண்டும் என்று அண்ணனோடு பந்தயம் கட்டுவேன். மார்க்கஸ் பார்ட்லி என்ற பெயரை அப்படித்தான் பிடித்துக்கொண்டேன். 'மாயா பஜார்' நிலாவை எடுத்தவர் அவர் என்று தெரிந்த நாளிலிருந்து, எந்தப் படத்திலும் இரவுக் காட்சி வந்தால் ஒளிப்பதிவு யார் என்று தேடுவது வழக்கமாகிவிட்டது. 'காதலிக்க நேரமில்லை' வண்ணத்துக்கு வின்சென்ட், 'சந்திரலேகா' முரசுகளுக்குக் கலை இயக்குநர் ஏ.கே. சேகர். எனக்குப் பிடித்த படங்களின் பட்டியல் போடச் சொன்னால் நடிகர்களை வைத்துப் போட எனக்குத் தெரியாது. பள்ளி இறுதி வகுப்பில் இரண்டு முறை தோற்றவனின் படிப்பு இது. வேறு எந்தப் படிப்பும் எனக்கு இவ்வளவு நாள் துணைக்கு வந்ததில்லை.

போன மாதம் பேரனோடு 'தில்லானா மோகனாம்பாள்' பார்த்தேன். அதிலும் பெயர்கள் இல்லை, பந்தலில் தொடங்கியது. சிவாஜி எவ்வளவு நன்றாக நாதஸ்வரம் வாசிக்கிறார் என்றான் பையன். வாசித்தது மதுரை சகோதரர்கள் எம்.பி.என். சேதுராமனும் பொன்னுசாமியும் என்றேன். "எங்கே போட்டிருக்கிறது தாத்தா?" என்று கேட்டான். சிவாஜியின் நடிப்பை ஒரு மாற்றுக்கூடக் குறைத்துச் சொல்லமாட்டேன். கன்னமும் கழுத்து நரம்பும் அப்படிப் புடைக்க வேறு யாரால் முடியும்? ஆனால் மூச்சு அவர்களுடையது. என் சொல்லை நம்பவைக்கச் சாட்சி இல்லாமல் நின்றேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்துப் படங்களின் பிரேம் கிட்டத்தட்டச் சதுரம் போல இருக்கும். அகலம் உயரத்தைப் போல ஒன்றரை மடங்குகூடக் கிடையாது. இன்றைய டிவி திரை நீண்டது. இரு ஓரமும் கறுப்பாக விட்டுவிட்டால் படம் அப்படியே தெரியும். நீங்களோ திரையை நிரப்பியே தீருவது என்று மேலும் கீழும் சீவிவிடுகிறீர்கள். உயரத்தில் நாலில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகப் போய்விடுகிறது. ராஜாவுக்குக் கிரீடம் இல்லை. நாட்டியக்காரிக்குப் பாதம் இல்லை. சீவாத சேனல்கள் இழுத்து நிரப்புகின்றன; அங்கே எல்லாரும் தைராய்டு வந்தவர்கள் போல் ஊதியிருக்கிறார்கள்.

நாட்டியத்தைப் பற்றிச் சொல்ல வந்ததற்குக் காரணம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை படத்தில் அரசவையில் ஒரு ஆட்டம் வரும். ஆடும் பெண்ணின் பாவாடைக்கு அடியில் ஒரு சாண் அகலத்துக்கு ஜரிகைக் கரை, அதன் மேல் வரிசையாகச் சம்கி. மறுநாள் காலை படப்பிடிப்பு என்று ராத்திரி எட்டு மணிக்குச் சொன்னார்களாம். அப்பா துணியை வீட்டுக்கே சுருட்டிக்கொண்டு வந்துவிட்டார். வடபழனியில் ஒண்டுக்குடித்தனம், ஒரே அறை. விடிய விடிய இரண்டு பேரும் தைத்தார்கள். அப்பா ஒரு முனையிலிருந்து, அம்மா மறு முனையிலிருந்து. நடுவில் இருவர் தையலும் சந்திக்கும் இடத்தில் அம்மாவின் சம்கி ஒரு நூல் இறங்கியிருக்கும். சுற்றி ஆடும்போது ஒரு கணம் அது தெரியும். வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த இடம் அது. "இதோ, இதோ" என்று அம்மா விரல் நீட்டுவார்.

இந்த முறையும் விரலை நீட்டினார். அங்கே பாவாடையின் கரை இல்லை. முழங்காலுக்குச் சற்றுக் கீழே படம் முடிந்திருந்தது. அதற்கும் கீழே, இருந்த கொஞ்சநஞ்சத்தின் மேல், யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்து ஓடிக்கொண்டிருந்தது.

ஐயா, பெயரையும் எடுத்துவிட்டீர்கள், தையலையும் எடுத்துவிட்டீர்கள். பிறகு அந்தப் படத்தில் எங்களுடையது என்று என்ன இருக்கிறது?

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். கோபம்தான், ஆனால் கோபத்தில் மட்டும் எழுதவில்லை. 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படம் 'காளிதாஸ்' இன்று ஒரு சுருள்கூட இல்லை. அதற்கும் முன்னால் நடராஜ முதலியார் எடுத்த 'கீசக வதம்' இல்லை. பழைய பிலிமில் இருக்கும் வெள்ளிக்காக அதைக் கழுவி விற்றுத் தின்ற ஊர் இது. அவர்களாவது பொக்கிஷம் என்று தெரியாமல் அழித்தார்கள். நீங்கள் 'பொக்கிஷம்' என்று நிகழ்ச்சிக்குத் தலைப்பு வைத்துவிட்டு வெட்டுகிறீர்கள். நெகட்டிவ் எந்தக் கிடங்கில் எந்த நிலையில் இருக்கிறதோ. நாளைக்கு அது போய்விட்டால் உங்கள் அலுவலகத்தில் இருக்கும் நறுக்கிய பிரதிதான் படம் என்றாகிவிடும். படத்தின் பதிப்புரிமை நம் சட்டப்படி வெளியான ஆண்டு கழிந்து 60 ஆண்டுகள்தான். 1964-இல் வந்தவற்றுக்கு 2024-ஓடு முடிந்துவிட்டது. ஊருக்குச் சொத்தாக வேண்டிய நாளில் கையில் என்ன கொடுக்கப்போகிறீர்கள்? தலையும் காலும் இல்லாத முண்டத்தையா?

செல்பேசித் தளங்களில் டைட்டில் வரும்போது தாண்டிப் போவதற்கு ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள் என்று பேரன் காட்டினான். எனக்கு அதுவும் பிடிக்கவில்லை என்றாலும், அவர்கள் நம்மைக் கேட்டுவிட்டாவது தாண்டுகிறார்கள்.

வெட்டி ஒட்டி உட்கார்ந்திருக்கும் உங்கள் படத்தொகுப்பாளர் தம்பியின் மேல் எனக்கு வருத்தமில்லை. சொன்னதைச் செய்கிறவர். அவர் பெயரையும் எங்கேயும் போடமாட்டீர்கள் என்பது எனக்குத் தெரியும். இன்றைய படங்களில் கடைசியில் நூற்றுக்கணக்கான பெயர்கள் ஏறிக்கொண்டே போகும்போது திரையரங்கில் விளக்கைப் போட்டு, கதவைத் திறந்து, துடைப்பத்தோடு ஆள் வந்துவிடுகிறார். நான் மட்டும் உட்கார்ந்திருப்பேன். "படம் முடிந்துவிட்டது பெரியவரே" என்பார்கள். அந்த வழக்கைத் திரையரங்குக்காரர்களுக்குத் தனி மடலாக எழுதுகிறேன். இங்கே அதை இழுப்பது நியாயமில்லை.

எங்கேயோ போய்விட்டேன், மன்னியுங்கள். கேட்க வந்ததைப் பணிவாகவே கேட்டுவிடுகிறேன். பழைய படம் போடும்போது முழுதாகப் போடுங்கள். தணிக்கைச் சான்றிதழிலிருந்து 'வணக்கம்' வரை. ஓரங்கள் கறுப்பாக இருந்தால் டிவி கெட்டுவிட்டது என்று எவரும் நினைக்கமாட்டார்கள். நினைத்தால் முதல் வாரம் ஒரு வரி எழுதிக் காட்டுங்கள். எல்லாப் படத்துக்கும் முடியாது என்றால் வாரத்துக்கு ஒன்றாவது அப்படிப் போடுங்கள். அதுவும் முடியாதென்றால், அந்த ஒரு படத்தையாவது.

அப்பா இறந்து 19 ஆண்டுகள் ஆகின்றன. நாங்கள் குடும்பத்தோடு அந்தப் படத்துக்குப் போனபோது, அவர் பெயர் வரும் நேரத்தில் அவர் திரையைப் பார்க்கவில்லை. எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெயரை இந்த மடலில் எழுதப்போவதில்லை. அதைப் பார்க்க வேண்டிய இடம் வேறு, அது உங்களிடம் இருக்கிறது.

மறுபடி எப்போது போடுகிறீர்கள் என்பதை இரண்டு நாள் முன்னதாகத் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன். அம்மாவுக்கு இடது கண்ணில் புரை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தேதியை அதற்குத் தகுந்தாற்போல் வைத்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
மேலிருந்து மூன்றாவது பெயர்க்காரரின் மகன்