மினகட்டா குமகுசு ஐயாவுக்கு

ஐயா,

ஜப்பானின் வகயாமா பக்கத்துக் கிராமங்களின் ஷின்டோ (ஜப்பானியரின் மரபுச் சமயம்) கோயில்களைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தால், சுற்றிச் சுற்றி அந்தக் காலத்து இயற்கை ஆய்வாளரான உங்களிடம்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. சரி, உங்களுக்கே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

உங்கள் பெயரே கோயில் மரம் கொடுத்ததுதான். ஃபுஜிஷிரோ கோயிலில் நிற்கும் கற்பூர மரத்தைக் கும்பிட்டு, அதன் பெயரான 'குசு'வைப் பிள்ளைக்கு வைப்பது அந்த வட்டாரத்து வழக்கம். அப்படிப் பெயர் வாங்கிய பிள்ளை கோயில் மரங்களுக்காகவே சிறைக்குப் போனார்.

1906இல் அரசு கோயில்களை இணைக்கக் கிளம்பியது. ஊருக்கு ஒரு கோயில் போதும், மற்றவற்றை அதோடு சேர்த்துவிடுங்கள் என்றார்கள். கேட்டால் தெய்வங்களின் கௌரவத்துக்காகவாம்! சாமியை இடம் மாற்றிய கையோடு கோயில் காட்டை வெட்டி விற்றார்கள். 1914க்குள் சுமார் 2 லட்சம் கோயில்களில் 70 ஆயிரம் வரை காணாமல் போயின. வகயாமாவும் பக்கத்து மியேவும்தான் அதிகம் அடிவாங்கின.

உங்கள் வாதத்தில் எனக்குப் பிடித்தது, அது பக்தியை மட்டும் நம்பி நிற்கவில்லை என்பதுதான். காடு போனால் பறவை போகும், பயிரில் பூச்சி ஏறும். கரையோர மரங்கள் போனால் மீன் வராது. சாமி பல மைல் தள்ளிப் போய்விட்டால் வயதானவர்கள் எப்படி நடப்பார்கள், திருவிழா எப்படி நடக்கும்? 1911இல் ஆளுநருக்கு எழுதிய கடிதத்திலேயே 'எகாலஜி' (சூழலியல்) என்ற சொல்லைப் போட்டிருக்கிறீர்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் தனபே ஊரில், கோயில் இணைப்பை ஆதரித்த அதிகாரி வந்திருந்த கூட்டத்துக்குள் குடித்துவிட்டு நுழைந்து, பையைத் தூக்கி எறிந்து, 18 நாள் உள்ளே இருந்தீர்கள். (அங்கேயும் நீங்கள் ஆராயும் சளிப்பூஞ்சை என்ற நுண்ணுயிரைத் தேடிப் பிடித்தீர்களாமே!)

குமானோ யாத்திரைப் பாதையில், நொனகாவில், சுகிசகுரா என்ற சின்னக் கோயில். செங்குத்தான படிகளை ஒட்டிப் பிரம்மாண்டமான தேவதாரு மரங்கள். கிளைகளெல்லாம் தெற்கு நோக்கியே நீண்டிருக்கும். புனிதமான நாச்சி அருவி இருக்கும் திசை அது என்பார்கள். அங்கே கோடரி பாதி வேலையை முடித்துவிட்டது. மிச்சம் நிற்பவை நீங்கள் போராடிக் காத்தவை.

1920இல் அந்தக் கொள்கை அடங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சில ஊர்கள் தங்கள் சாமியைப் பழைய இடத்துக்கே அழைத்து வந்தன. இப்போது வேறு சிக்கல். ஒரே பூசாரி பல ஊர்க் கோயில்களைப் பார்த்துக்கொள்கிறார். சாமி பல்லக்கைத் தூக்க இளைஞர்கள் இல்லை. யாரும் உத்தரவு போடாமலே கோயில்கள் மூடுகின்றன. இதற்கு எந்தக் கூட்டத்தில் போய்ப் பையை எறிவீர்கள், ஐயா?

அன்புடன்,
உங்கள் வாசகன்