வெளுத்ததெல்லாம் சுண்ணாம்பா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழின் சிறுவர் பகுதியில், 'நாம் எழுதும் சாக்பீஸ் கடலில் வாழ்ந்த நுண்ணுயிர்களின் ஓடு' என்று எழுதியிருந்தீர்கள். படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் குடியாத்தம் கடைகளில் டப்பாவில் விற்கிற சாக்பீஸுக்கும் அந்தக் கடலுக்கும் பெரும்பாலும் சம்பந்தமே இல்லை.

நீங்கள் சொன்னது சாக் என்கிற பாறைக்குப் பொருந்தும். இங்கிலாந்தில் டோவர் கடற்கரையில் வெள்ளைச் சுவர்போல் நிற்கிறதே, அது. டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்துக் கடலில் மிதந்த நுண்பாசிகளின் சுண்ணத் தகடுகள் அடியில் படிந்து உண்டானது. சுண்ணாம்புக்கல்லும் பளிங்கும்கூட அதே கால்சியம் கார்பனேட்தான். சாக் சரியாக இறுகாதது, தொட்டால் கையில் ஒட்டும். பளிங்கு பூமிக்குள் வெந்து நெரிந்து மறுபடி படிகமானது. நம் மாநிலத்தில் அந்தக் காலத்துக் கடல் படிவுகளைப் பார்க்க அரியலூர்ப் பக்கம் போக வேண்டும். சிமெண்ட் ஆலைகள் அங்கே இருப்பதும் அதனால்தான். வேலூரில் மலைக்குப் பஞ்சமில்லை, ஆனால் எல்லாம் கருங்கல். கோட்டைச் சுவரைப் பார்த்தாலே தெரியும்.

பள்ளிக்கூடச் சாக்பீஸின் கதை வேறு. ஜிப்சம் என்கிற கனிமத்தைச் சூடாக்கினால் அதிலுள்ள நீரில் பெரும்பகுதி போய் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஆகிறது. அதைத் தண்ணீரில் கரைத்து அச்சில் ஊற்றினால் இறுகி மறுபடி ஜிப்சமாகிறது. எலும்பு முறிந்தால் போடுகிற மாவுக்கட்டும் இதே சரக்குதான். கால்சியம் சல்பேட், கார்பனேட் அல்ல. தூசி பறக்காது என்று விலை கூட்டி விற்கும் சாக்பீஸ்களில் மட்டும் பெரும்பாலும் கார்பனேட் இருக்கும்.

எது எது என்று பிள்ளைகளே பார்த்துவிடலாம். சாக்பீஸை பிளேடால் சுரண்டி ஒரு தட்டில் போட்டு, முதலில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விடச் சொல்லுங்கள். காய்ந்த தூளுக்குள் இருக்கும் காற்று குமிழியாக வந்து ஆளை ஏமாற்றிவிடும். அது அடங்கியபின் எலுமிச்சைச்சாறு. கார்பனேட் என்றால் பொடிப்பொடிக் குமிழியாகப் பொங்கும், காதைக் கிட்டே வைத்தால் மெல்லிய இரைச்சல்கூடக் கேட்கும். ஜிப்சம் சும்மா கிடக்கும். ஒத்துப்பார்க்க முட்டை ஓட்டைத் தூளாக்கி வைத்துக்கொண்டால் போதும். செய்யாறு பக்கத்து ஜடேரி நாமக்கட்டியையும் (2023இல் புவிசார் குறியீடு வாங்கியது) ஒரு கை பார்க்கலாம். அது வெள்ளைக் களிமண், எலுமிச்சைக்கு அசையாது. சிலேட்டுப் பலப்பமாக விற்கும் மாக்கல்லும் அப்படித்தான். அதில் நகம் வைத்தாலே கீறல் விழும். ஜிப்சத்திலும் நகம் பதியும், கார்பனேட் படிகமான கால்சைட்டில் பதியாது.

இதுவரை சொன்னதில் தப்பு நேர்ந்தால் ஒரு மதிப்பெண் போகும், அவ்வளவுதான். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பையும் 'சாக்பீஸ் மாதிரிதானே' என்று பிள்ளைகள் நினைத்துவிடுவதுதான் ஆபத்து. கிளிஞ்சலையோ சுண்ணாம்புக்கல்லையோ சுட்டு நீர் தெளித்துத் தாளித்தது அது. கால்சியம் ஹைட்ராக்சைடு, கடும் காரம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் பதனிடுகிற இடங்களில் தோலிலிருந்து மயிரைக் கழற்றுவது இந்தச் சுண்ணாம்பில் ஊறப்போட்டுத்தான். மாட்டுத்தோலையே பதம் பார்ப்பது பிள்ளையின் கண்ணை விடுமா? பெட்டிக்கடைச் சுண்ணாம்புப் பாக்கெட்டைக் குழந்தை கையில் பிதுக்கி, அது கண்ணில் தெறித்துப் பார்வை போவதைக் கண் மருத்துவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். தெறித்துவிட்டால் அந்த நொடியே நல்ல தண்ணீரால் கண்ணை விடாமல் கழுவி, மருத்துவமனைக்கு ஓட வேண்டும். காரத்தைப் புளிப்பு முறிக்கும் என்று யாராவது எலுமிச்சையை எடுத்துவந்தால் கையைத் தட்டிவிடுங்கள்.

எறும்பு, கரப்பானுக்குக் கோடு போடும் சாக்பீஸும் பார்வைக்குப் பள்ளிச் சாக்பீஸ்தான். அதில் கலந்திருப்பது பூச்சிமருந்து. அடுத்த இதழில் திருத்தம் போடும்போது டோவர் படம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. சுண்ணாம்புப் பாக்கெட்டையும் இந்த எறும்புச் சாக்பீஸையும் பற்றி இரண்டு வரி, பெரிய எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.