லாபி இசையா ஜாஸ்?

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் ஜாஸை ‘ஓட்டல் லாபியில் ஓடும் இசை’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். தினமும் கேட்கிறவன் என்பதால் மனசு ஒப்பவில்லை.

போன வாரம் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு, லூயி மால் இயக்கி 1958இல் வந்த ‘தூக்குமேடைக்கு ஒரு லிஃப்ட்’ என்ற பிரெஞ்சுப் படத்தை மறுபடி பார்த்தேன். காதலனைத் தேடி நாயகி ஜான் மோரோ பாரிஸ் தெருக்களில் அலைகிறார். கடை வெளிச்சம் முகத்தில் விழுந்து விழுந்து மறைகிறது. ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ட்ரம்பெட் கூடவே நடக்கிறது. படக் காட்சிகளைத் திரையில் ஓடவிட்டு, 1957 டிசம்பரில் ஒரே இரவில் வாசித்துப் பதிவுசெய்த இசை அது. அந்த நேரத்தில் வசனமே வேண்டாம் என்று தோன்றிவிடும்.

அப்புறம், 1959இல் வந்த டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ இசைத்தட்டு. அதன் உறையில் குறிப்பு எழுதியவர், அதில் பியானோ வாசித்த பில் எவன்ஸ். ஜப்பானிய ஓவிய முறை ஒன்றைச் சொல்கிறார்: தூரிகை தடுமாறினால் தாள் கிழிந்துவிடும், அழித்துத் திருத்தவும் வழியில்லை. ஜாஸில் அந்தந்த நொடியில் கற்பனை செய்து வாசிப்பதும் அப்படித்தான் என்கிறார். கச்சேரியில் மனோதர்மம் கேட்டுப் பழகிய நம் வாசகர்களுக்கு இதை விளக்கவா வேண்டும்?

ஓவியர் மோந்ரியான் நியூயார்க் போனதும் பூகி வூகி என்ற, ஜாஸுக்கு நெருக்கமான துள்ளல் பியானோ இசையில் கிறங்கி, மஞ்சள் கட்டங்களாக வரைந்து தள்ளினார். ஜப்பானிய எழுத்தாளர் முரகாமி, நாவலாசிரியர் ஆகும் முன்பே டோக்கியோவில் ஜாஸ் ஒலிக்கும் காபிக் கடை நடத்தியவர்.

சினிமா பக்கத்தில் மாதம் அரைப் பத்தி ஜாஸுக்கு ஒதுக்குங்கள். ராசிபலனைக் கொஞ்சம் சுருக்கினால் இடம் கிடைத்துவிடும்!

– ஒரு வாசகர், மதுரை