சாங்ஷன்னா ரெண்டும் தான் பாப்பா

பாப்பா,

நேத்து போன்ல நீ அழுததுலேருந்து எனக்கு தூக்கமே வரல. 'கமிட்டி நம்ம டீம சாங்ஷன் பண்ணிட்டாங்க'ன்னு நீ சந்தோஷமா மெயில் போட, உங்க மேனேஜர் டீம் மேல ஏதோ நடவடிக்கை எடுத்துட்டாங்கன்னு பதறிட்டாரு, உடனே நீ எனக்கு இங்கிலீஷே வரலப்பாங்கற. அப்படி இல்லம்மா, அந்த வார்த்தைக்கே ரெண்டு முகம், அனுமதியும் அதுதான், தண்டனையும் அதுதான்.

நான் பேங்க்ல லோன் சீட்ல எத்தன வருஷம் உக்காந்தேன், இத நான்தான் உனக்கு சொல்லணும். ஃபைல்ல 'சாங்ஷன்ட்'னு எழுதி கையெழுத்து விழற வரைக்கும் எதிர்ல உக்காந்திருக்கற விவசாயி சுருட்டி வச்ச சிட்டாவ கையவிட்டு எடுக்கவே மாட்டாரு, விழுந்ததும் அந்த முகம் மாறும் பாரு, எனக்கு சாங்ஷன்னா அந்த முகம்தான். 1998 மே மாசம் பொக்ரான்ல அணுகுண்டு சோதனை நடந்தப்ப இந்தியா மேல அமெரிக்கா சாங்ஷன்னு பேப்பர்ல வந்துச்சு. காலைல அத படிச்சேன், ஆபீஸ் போய் டிராக்டர் லோனுக்கு சாங்ஷன் லெட்டர் டைப் அடிச்சேன், மனசு கேக்காம சாயங்காலம் டிக்‌ஷனரிய எடுத்தேன்.

லத்தீன்லேருந்து வந்த வார்த்தை, செயின்ட்டுங்கறதும் அதே வேர்தான். ஒரு சட்டத்த புனிதமா, மீறக்கூடாததா ஆக்கறது. அப்ப அத ஒத்துக்கறதும் அதுல அடங்குது, மீறினா இன்ன தண்டனைங்கறதும் அடங்குது. நம்மூர்லயே பாரு, அரசு ஊழியர் டியூட்டில செஞ்ச காரியத்துக்கு கேஸ் நடத்தணும்னா அரசாங்கத்தோட சாங்ஷன் வேணும், முன்னாடி குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 197வது பிரிவு, இப்ப அதுக்கு பதிலா வந்த புது சட்டத்துல 218. தண்டிக்கற வழிக்கே அனுமதி!

நீ பாக்க வேண்டியது எத சாங்ஷன் பண்றாங்கன்னு. லோன், செலவு, லீவுன்னா அனுமதி. ஆளு, கம்பெனி, நாடுன்னா பெரும்பாலும் தண்டனை, தடை. டீம்னா ஆளுங்கதானே, அதான் அவரு அப்படி எடுத்துக்கிட்டாரு. சாங்ஷன்ஸ்னு பன்மைல வந்தா அனேகமா தடைதான். நீ இருக்கற ஊர்ல அனுமதிக்கு 'அப்ரூவ்'னே எழுதிடு, யாரும் ரெண்டாவது தடவ யோசிக்க வேண்டியிருக்காது.

இப்பவே அவருக்கு 'அப்ரூவ்ட்'னு ஒரு வரி மெயில் போடு, மன்னிப்பெல்லாம் நீளமா கேக்காத. போட்டுட்டு போன் பண்ணு, இங்க நடுராத்திரின்னாலும் முழிச்சுட்டுதான் இருப்பேன்.

அப்பா