சேடிலில் உரிந்த டர்சைட்

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை அமைந்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

லேத்தில் பெட்டின் மேல் நகரும் சேடிலுக்கு அடியில் ஒட்டிய டர்சைட் (வழுக்கலுக்காக ஒட்டும் டெஃப்ளான் கலந்த லைனர் தகடு) மூலையில் உரிந்ததால் வேறு பசை வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். முதலில் உரிந்த துண்டைத் திருப்பிப் பார். பசை மொத்தமும் டர்சைட்டோடு வந்து, வார்ப்பிரும்பு வெறுமையாக நின்றால் குற்றவாளி எண்ணெய்தான். இரண்டு பக்கமும் பசை பிய்ந்து ஒட்டியிருந்தால் மட்டும் பசையைச் சந்தேகப்படு.

பசை ஒட்ட வேண்டுமானால் முதலில் பரவ வேண்டும். சுத்தமான உலோகத்தின் பரப்பு ஆற்றல், அதாவது திரவத்தைத் தன்மேல் இழுத்துப் பரப்பும் வலு, மீட்டருக்குப் பல நூறு மில்லிநியூட்டன். நாம் ஒட்டும் எபாக்ஸி பசைக்கு 45 வாக்கில். அதனால் தானாகவே பரவிப் படியும். எண்ணெய்ப் படலத்துக்கு 30தான். அதன்மேல் எபாக்ஸி சுருங்கி நிற்கும். டெஃப்ளானுக்கு 20 அளவுதான் என்பதால்தான் டர்சைட்டின் ஒரு பக்கத்தை அரித்துப் பழுப்பாக்கித் தருகிறார்கள். அந்தப் பக்கம்தான் பசைக்கு. எண்ணெயைத் துடைக்காமல் விட்டால் நாமே இரும்பை டெஃப்ளான் பக்கம் தள்ளிவிடுகிறோம்.

வார்ப்பிரும்பில் இன்னொரு தொல்லை. அதன் கிராஃபைட் இடுக்குகளில் பல வருட எண்ணெய் ஊறிக் கிடக்கும். மேலே துடைத்தால் சுத்தம்போலத் தெரியும், சூடேறினால் கசியும். அசிட்டோனால் துடைத்து, அது முழுக்க ஆவியான பிறகு ஹாட் ஏர் கன்னால் 80 டிகிரி அளவுக்குச் சூடாக்கு. வேர்த்து வரும் எண்ணெயைத் துடை. ஆறவிட்டு மறுபடி அசிட்டோன். கசிவு நிற்கும்வரை இதேதான், பொறுமை வேண்டும்.

அதற்குப் பிறகுதான் 80 நம்பர் எமரியால் குறுக்கும் நெடுக்குமாகத் தேய். முதலில் தேய்த்தால் எண்ணெய் கீறல்களுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். கடைசித் துடைப்புக்கு இரண்டு துணி: ஒன்றில் அசிட்டோன், காய்வதற்குள் மற்றொன்றால் ஒற்றி எடு. காய்ந்துவிட்டால் கரைந்த எண்ணெய் அங்கேயே மறுபடி படியும். அழுக்குத் துணியை டப்பாவில் முக்காதே. பெட்ரோலும் பழைய காட்டன் வேஸ்ட்டும் வேண்டாம். சிலிகான் ஸ்ப்ரே அந்தப் பக்கமே வரக்கூடாது.

சோதனைக்கு டிஸ்டில்டு வாட்டர் தெளி. அரை நிமிடம் உடையாத படலமாக நின்றால் சரி. முத்து முத்தாகத் திரண்டால் திரும்ப ஆரம்பி. துரு பிடிப்பதற்குள் ஈரத்தை ஒற்றி, அசிட்டோனால் துடைத்து, அன்றைக்கே ஒட்டிவிடு.

எண்ணெய்மேலேயே ஒட்டும் பசை உண்டு, உண்மைதான். கார் தொழிற்சாலைகளில் எண்ணெய் பூசிய தகட்டிலேயே போடுகிறார்கள். பெயின்ட் அடுப்பின் 170, 180 டிகிரியில் அந்த மெல்லிய எண்ணெய் பசைக்குள் கரைந்துவிடும். சேடிலை அடுப்பில் வைக்க முடியாது. ஊறிய எண்ணெயும் மெல்லிய படலமல்ல.

கிளாம்ப்பை அளவோடு இறுக்கு. நசுக்கினால் பசை எல்லாம் ஓரத்தில் வழிந்துவிடும். 24 மணி நேரம் அசைக்காதே. ஆயில் குரூவ் (எண்ணெய் ஓடும் பள்ளம்) ஆழம் லைனர் கனத்தில் பாதியைத் தாண்ட வேண்டாம்; லைனரைத் துளைத்துவிட்டால் எண்ணெய் பசைக்கே போய்ச் சேரும்.

லைனர் கனம் எத்தனை மில்லிமீட்டர் என்று எழுது. சேடில் அவ்வளவு உயர்ந்தால் அதன் முன்னால் தொங்கும் ஏப்ரன், அதை நகர்த்தும் நீளத் திருகான லீட் ஸ்க்ரூவோடு நேராக நிற்குமா என்று கணக்குப் போட வேண்டும்.

அன்புடன்,
சேகர்